மண்முனை கடந்தவர்கள்

எட்டுக் கோடியில் ஒருவருக்குத்தான் இப்படிப் பொருந்தும் என்றார்
கொழும்பிலிருந்து வந்த பகுப்பாய்வாளர்.
மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் அன்று
மூன்று மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றியது.
அரச சட்டத்தரணி அந்த எண்ணைக் கையில் வாங்கி
மெல்லத் திருப்பிப் போட்டார்:
"ஆக, இவர் நிரபராதியாக இருக்க
எட்டுக் கோடியில் ஒரு வாய்ப்புத்தான்."

யாருக்கும் கேட்கவில்லை அது புரண்ட சத்தம்.
வந்தாறுமூலையில் வியாழக்கிழமைகளில்
இரண்டாம் ஆண்டுக்கு இதைத்தான் படிப்பிக்கிறேன்.
பரீட்சையில் பாதிப்பேர் வழுக்குகிற இடம்.

கூண்டில் சதாகரன்.
முதலைக்குடா அரிசி ஆலையில் உடைந்த கண்ணாடியில்
காய்ந்திருந்த இரத்தம் அவனுடையதாம்.
அடிபட்ட காவலாளி வேலாப்போடி
இன்னும் பேச்சு வராமல் ஐந்தாம் வார்டில் கிடக்கிறார்.
அதையும் நான் மறக்கவில்லை.

சத்தியம் செய்துவிட்டுச் சொன்னேன்:
கொக்கட்டிச்சோலைத் தேருக்கு ஆரையம்பதியிலிருந்து போகிறவர்
அநேகமாக மண்முனை கடப்பார்.
மண்முனை கடந்தவரெல்லாம் தேருக்குப் போனவரா?
தவிடு வாங்கப் போயிருக்கலாம்,
வட்டிக்காசு கேட்கப் போயிருக்கலாம்,
காணாமல்போன எருமையைத் தேடியும்.
பாலம் ஒன்றுதான். போகிற கணக்கு வேறு, வருகிற கணக்கு வேறு.
குற்றம் செய்யாதவரில் இப்படிப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு,
அதை ஆய்வுகூடம் சொல்லும்.
பொருந்தியவர் குற்றம் செய்யாதிருக்க எவ்வளவு வாய்ப்பு,
அதற்கு ஊரையும் கேட்கவேணும்.

பிறகு அந்த எட்டுக் கோடி.
உமித்தூசும் மாரிமழையும் தின்றது போக
மிஞ்சியது ஏழு இடங்கள்.
ஒவ்வொன்றும் எவ்வளவு அரிதென்று
எங்கோ எடுத்த பட்டியலில் பார்த்து
ஏழையும் பெருக்கியிருக்கிறார்கள்.
பெருக்கல் அந்நியர்களுக்கான கணக்கு.
இரண்டு குடிகள் தமக்குள்ளேயே
பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊரில்,
மச்சானுக்கு மச்சாளை
பிறந்த அன்றே பேசிவைக்கிற ஊரில்,
பெருக்கல் பொய்யில்லை,
கொஞ்சம் அவசரம்.

அதற்கொரு திருத்தம் உண்டு:
புள்ளிக்குப் பின் ஒரு சுழியம், அதற்குப் பின் மூன்று.
அத்தனை கல்யாணப் பந்தலையும்
அந்தச் சின்ன எண்ணுக்குள் மடித்து வைக்கிறோம்.
போட்டுப் பார்த்தால் எட்டுக் கோடி
ஒரு கோடிக்குக் கிட்ட இறங்கும்.

"அதுவும் பெரிய எண்தானே?" என்றார் நீதிபதி.
பெரிய எண்தான், ஐயா.
"கூடப்பிறந்தவர் என்றால்?"

நான் சொல்ல வந்ததும் அதுதான்.
ஆனாலும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.
அறுநூற்றில் ஒன்று.
சகோதரன் எவரையும் யாரும் சோதிக்கவில்லை.

"இவர் செய்தாரா, இல்லையா?"
அது என் தராசில் இல்லை, ஐயா.

வெளியே வேப்பமர நிழலில் தாய் நின்றார்.
நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன்.
"ஒரு பிள்ளைய அவிட்டுட்டு
மறுபிள்ளையக் கட்டிப்போட்டுப் போறியே மகள்?
நான் பெத்தது ரெண்டுதான்.
உன்ட அறுநூறுல நான் ஆரத் தேட?"

பதில் என்னிடம் இருந்தது.
சரியான பதில், மூன்று படிகளில் நிறுவலாம்.
வாய்க்குள் அது உமியாய்க் கிடந்தது.

அவர் பின்னால், மோட்டார்சைக்கிளில் சாய்ந்தபடி
இளையவன் டிலக்சன்.
அதே நெற்றி, அதே ஒட்டிய காது.
வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைத் தழும்பு;
வலை இழுத்ததாயும் இருக்கலாம். இருக்கலாம்.
"வெயில், மிஸ்" என்று
தான் பாதி குடித்த சோடாவை நீட்டினான்.
தாய் அந்தக் கையையே பார்த்தார்.

வாங்கினேன்.
குடிக்கவில்லை, கொட்டவில்லை, பைக்குள் வைக்கவுமில்லை.
கல்லடி பஸ் வந்தபோது
போத்தலை மதில்மேல் வைத்துவிட்டு ஏறினேன்.
பஸ் உடனே புறப்படவில்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
அதன் கழுத்தில் வெயில் பட்டுக்கொண்டிருந்தது.